விலகாத லாக்கு

லாக்கு மேஸ்திரி என்றால் குவாரி வட்டாரத்தில் தெரியாத ஆள் கிடையாது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அதனால் என்ன குறைந்துவிட்டது? ஒரு சுத்தியலும் இரண்டு ஸ்பேனருமாக மரத்தடியில் ஆரம்பித்து, சொந்த ஷெட், சொந்த வெல்டிங் மெஷின் என்று உட்கார்ந்தவர். நாலு சக்கரமும் இழுக்கிற லாரியின் பின் அச்சைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார், மூடிக்கொண்டே மாட்டுவார்; அதற்குள் இருக்கும் லாக்கு வேலையால் வந்த பெயர்தான் அது.

அப்பேர்ப்பட்டவர் ஒரு லாரியை மட்டும் தொடவில்லை. தங்கை புருஷன் ஓட்டிய வண்டி. குவாரி இறக்கத்தில் வளைவு திரும்பாமல் நேராகப் பள்ளத்தில் பாய்ந்தது. மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். "தூங்கிட்டான்" என்று லாரி முதலாளி ஒரே வார்த்தையில் கதையை முடித்தார். நசுங்கிய லாரியை இழுத்து வந்து ஷெட்டுக்குப் பின்னால் விட்டார்கள். அந்தப் பக்கம் கண் போனால், உடைந்த கண்ணாடிக்குள் யாரோ குனிந்திருப்பது போலவே இருக்கும். மேஸ்திரி அதற்கு முதுகைக் காட்டியே வேலை பார்த்தார்.

ஒரு மத்தியானம் தங்கை வந்து நின்றாள்.

"குழாயடிக்குப் போனா, தூங்குமூஞ்சி பொண்டாட்டி வர்றா, வழி விடுங்கங்கிறாளுங்க அண்ணே. அவரு தூங்கினாரா, இல்லையா? எனக்கு அது தெரிஞ்சாகணும்."

"உங்கண்ணன் யாரு? இரும்பைப் பேச வைக்கிறவன். கண்ணைத் துடை."

அந்த லாரியின் கியரை நியூட்ரலில் விட்டு, ஜாக்கி வைத்துப் பின்சக்கரம் இரண்டையும் தூக்கினார். ஒன்றைக் கையால் சுற்றினார். இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக்கு விலகியிருந்தால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். அதுவோ இவர் சுற்றிய பக்கமே சுற்றியது, அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்து கூடவே தள்ளுவது போல. மேஸ்திரி எழுந்தார். கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். லாக்கு சுவிட்ச் அணைந்துதான் இருந்தது.

சகதியில் ஏறத்தான் லாக்கு. போட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். கெட்டி ரோட்டுக்கு வந்ததும் எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங்கை என்னதான் ஒடித்தாலும் லாரி நேராகத்தான் முண்டும். மேஸ்திரி அச்சைத் திறந்தார். லாக்குப் பல்லைப் பின்னுக்குத் தள்ளி விலக்கும் ஸ்பிரிங் இரண்டாக உடைந்து எண்ணெயில் கிடந்தது. மாப்பிள்ளை லாக்கை எடுத்திருக்கிறார், அது விலகவில்லை. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ஸ்பிரிங்கைப் பார்க்கணும் என்று மேஸ்திரி தொண்டை கிழியச் சொன்னதுதான். "ஓடுற வண்டியை எதுக்குய்யா நோண்டணும்?" என்றவர் அந்த முதலாளி.

பிறகு முன் டயர்களைத் தடவினார். ஓரம் மட்டும் அரத்தால் ராவியது மாதிரி தேய்ந்திருந்தது.

முதலாளியை வரவழைத்தார், நாலு டிரைவர்களையும் கூட்டினார்.

"ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுப் பிடிச்சாத்தான் டயர் இப்படித் தேயும். தூங்குறவன் ஒடிப்பானாய்யா? கண்ணு இருந்தா குனிஞ்சு பாரு!"

முதலாளி குனிந்து பார்த்தார். "தெரியாம சொல்லிட்டேன்" என்றார். டிரைவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

மேஸ்திரி மீசையை நீவிக்கொண்டு திரும்பினார். "பாத்தியாம்மா? உன் புருஷன் தூங்கல."

தங்கை முகத்தில் வெளிச்சமே வரவில்லை. "அப்போ, கடைசி வரைக்கும் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரா?"

மேஸ்திரி துணியில் கையைத் துடைத்தார். சுத்தமான பிறகும் துடைத்தார். "சட்டுனு முடிஞ்சிருக்கும்மா."

அவள் டயர் ஓரத்தில் விரலை வைத்தாள். "சட்டுனு முடிஞ்சதுக்கு இவ்வளவு தேயுமா அண்ணே?"

இரும்பைப் பேச வைக்கிறவர் குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

இப்போது தங்கையைக் குழாயடியில் யாரும் ஒரு சொல் சொல்வதில்லை. மேஸ்திரிக்குத்தான் வேறு மாதிரி ஆகிவிட்டது. இறக்கத்தில் லாரி இறங்கும் சத்தம் கேட்டால் ஸ்பேனர் அப்படியே நின்றுவிடும்.

"என்ன மேஸ்திரி, விருந்தாளி யாராச்சும் வர்றாங்களா?" என்று டிரைவர்கள் சிரிப்பார்கள்.

"பேசாம இருங்கய்யா," என்பார், காதை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு. "இன்னும் அவன் வளைவைத் திரும்பல."