மஞ்சளாகிப்போன பாட்டில்

ஆறு மாதப் பிரசவ லீவு முடிந்து தாம்பரத்திலிருக்கும் எங்கள் லேபுக்குள் நுழைந்ததுமே, என் கைடு ஒரு மஞ்சள் பாட்டிலைக் காட்டினார். நான் விட்டுப்போனபோது அது கரும்பச்சை. உள்ளே இருப்பது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. பக்கத்து ஏரியில் முழங்கால் சேற்றில் நின்று நானே எடுத்தது. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. மாற்றுக்கு வைத்திருந்ததும் ஃப்ரீசர் பழுதானதில் போய்விட்டது. என் பிஎச்.டி. முழுக்க அந்த ஒற்றைப் பாட்டிலில்தான் இருந்தது.

"செத்துப்போச்சும்மா. கைக்குழந்தையோட உனக்கும் கஷ்டம். டிஸ்கன்டின்யூ பண்ணிடு, நான் சைன் பண்ணித் தர்றேன்" என்றார், ஏதோ உபகாரம் செய்கிறவர் மாதிரி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பாட்டிலை எடுத்துக்கொண்டேன். லேபைக் கூட்டுகிற அக்கா கையை நீட்டினார்.

"சார் இத்த கொட்டச் சொன்னாரு. இன்னாத்துக்குக் கட்டிப் புடிச்சிகினு கீற?"

"சாகலக்கா. பட்டினியா கிடக்கு."

"அப்ப சோறு போடேன்!"

அதேதான் விஷயம். நைட்ரஜன் தீர்ந்துபோனதை இந்தச் செல்கள் உள்ளுக்குள்ளேயே கண்டுகொள்ளும். உடனே, வெளிச்சம் பிடிக்கிற தங்கள் நிறமிகளைத் தாங்களே பிரித்துப்போட்டு மஞ்சளாகும். மாவுச்சத்து மாதிரி ஒன்றைக் கொஞ்சம் பதுக்கி வைத்துக்கொண்டு அடங்கிவிடும். இது கைடுக்கும் தெரியும். ஆறு மாதம் தாங்கும் என்றுதான் நம்பவில்லை. என்னையும் அப்படித்தான் நம்பவில்லை என்று அப்போதே தோன்றியது.

பாதியை வேறு பாட்டிலில் ஊற்றி, நைட்ரஜனுக்காக நைட்ரேட் உப்பு சேர்த்தேன். முதல் நாள் ஒரு மாற்றமும் இல்லை. பயமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் பச்சை.

கைடு உற்றுப் பார்த்தார். "வேற கல்ச்சர் எதையும் கலந்துடலையே?"

மோசடிக்காரி என்ற பழி வேறா! மீதி மஞ்சளை அவர் மேஜைமேல் வைத்தேன்.

"உங்க கையால நைட்ரேட் போடுங்க சார். உங்க ரூம்லயே வச்சுப் பூட்டிக்குங்க."

பூட்டித்தான் வைத்தார். திங்கட்கிழமை அவரே கூப்பிட்டார். பச்சைப் பாட்டில் அவர் கையில் இருந்தது. நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் பிஎச்.டி. கமிட்டி மீட்டிங் வைக்கணுமே. குழந்தையை யார் பார்த்துப்பா?" என்றார்.

"அவன் அப்பா சார். தேதியைச் சொல்லுங்க."