வளைவுக்கு முன்னாலா, பின்னாலா?

எங்கள் தொழிலில் பாதி, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது. ஓசூரில் பெண்களுக்கான சட்ட உதவி மையம் ஒன்றில் நான் துணைக்குப் போகிறவள். படிப்பு ஏழாவதோடு நின்றுவிட்டது. சட்டம் பேசுவது எங்கள் வக்கீலம்மா. தனியாகப் போகப் பயப்படும் பெண்ணின் பக்கத்தில் உட்காருவது நான். அந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. வயிறுதான் மறுபடி எரியும்.

இந்தப் பக்கம்

மல்லிகாவுக்குச் சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. ஓசூரில் வாடகைக்கு இருந்துகொண்டு, கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறாள். ஒரு நாள் கம்பெனி வேனில் திரும்பும்போது, பக்கத்தில் வந்து உட்கார்ந்த சூப்பர்வைசர் அவள் இடுப்பில் கை வைத்தான். தள்ளிப் பார்த்தாள், எடுக்கவில்லை. கடைசியில் கத்தினாள். வேனை நிறுத்தி அவளைத்தான் இறக்கிவிட்டார்கள்.

மறுநாள் எங்கள் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனோம். ரைட்டர் பேனா மூடியைத் திறக்கவே இல்லை. நெடுஞ்சாலையில் மாநில எல்லை வளைவு இருக்கிறதே, சம்பவம் அதற்கு முன்னாலா, பின்னாலா என்று மட்டும் கேட்டார். வளைவுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது என்றாள் மல்லிகா. உண்மையைச் சொன்னால் இப்படித்தான்.

"அப்ப அது கர்நாடகாம்மா. அங்க போய்ச் சொல்லுங்க, இங்க ஏன் கூட்டம் போடறீங்க?"

அந்தப் பக்கம்

அத்திப்பள்ளி ஸ்டேஷனுக்கு பஸ் பிடித்துப் போனோம். அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று வழியெல்லாம் எனக்கு வேறு கவலை. அங்கே இருந்த ஏட்டு மரியாதையான மனுஷர். நாற்காலி போடச் சொன்னார். சந்தையில் கற்றுக்கொண்ட கன்னடத்தில் நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். எழுதப்போகிறார் என்று நினைத்தேன். வேன் நம்பரைக் கேட்டார்.

"வண்டி டி.என்., அவன் ஓசூரு, நீங்களும் ஓசூரு. எங்க ரோடுதான் சிக்குச்சா உங்களுக்கு? ஹோகம்மா, உங்க ஊர்லயே கொடுங்க!"

கேட்டுக்கு வெளியே

அதற்குள் மல்லிகாவின் கணவர், "வேலையே வேண்டாம், விட்டுரு" என்று ஆரம்பித்துவிட்டார். அவளுக்கோ வேலை வேண்டும். தப்பு செய்தவன் அதே வேனில் முன் சீட்டில் காலாட்டிக்கொண்டு போகிறான். இவள் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். இது எந்த ஊர் நியாயம்?

கம்பெனிக்கே போனேன். கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியும் வேலை செய்யும் இடம்தான் என்று வக்கீலம்மா சொல்லி அனுப்பியதை அப்படியே ஒப்பித்தேன். ஹெச்.ஆர். தம்பி டீ வரவழைத்தார், சிரித்தார்.

"ஆன்ட்டி, வேன் கான்ட்ராக்டரோடது. கேட்டுக்குள்ள இருக்கற வரைக்கும்தான் அவங்க எங்க ஸ்டாஃப்."

டீயை நான் தொடவில்லை.

மறுபடியும் அதே பெஞ்ச்

இந்தத் தடவை வக்கீலம்மாவும் வந்தார். எங்கே நடந்திருந்தாலும் புகாரை முதலில் பதிந்தாக வேண்டும், எந்த எல்லை என்று பார்த்து அனுப்புவது போலீஸ் வேலை என்றார். "தெரியும் மேடம், தெரியும்" என்றார் ரைட்டர். தெரியுமாம்! தெரிந்தேதான் எங்களை அலையவிட்டிருக்கிறார்.

பேனா மூடி திறந்தது. அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை, "கரெக்டா எந்த இடம்மா?" என்று மல்லிகாவிடம் திரும்பினார். அதுவரை தலை குனிந்தே இருந்தவள் எழுந்து நின்றாள்.

"அத்திப்பள்ளியில வெச்ச கை சார், நம்ம பக்கம் ஜூஜூவாடியிலயும் இருந்துச்சு. வளைவு வந்துருச்சேன்னு அவன் எடுக்கல. ரெண்டு பக்கமும்னே எழுதிக்கோங்க!"

எழுதிய புகார் இப்போது அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருக்கிறதாம்; அவன் கை நிற்காமல் தாண்டிய வளைவைக் காகிதமும் தாண்டிவிட்டால், நாங்கள் பெஞ்சை விட்டு எழுந்திருப்போம்.