மாமனாருக்குச் சொல்லாமல் மாற்றிய கியர்

என்னைப் போன்றவன் பேனாவை எடுப்பது கொஞ்சம் அதிகப்படிதான். பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தது. அங்கேயும் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவனில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. அன்று சொல்லாமல் விட்டதால் இன்று இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருக்கிறது. மாமனார் இருபது வருடம் ஓட்டிவிட்டு, என் கல்யாணத்தின்போது எனக்குக் கொடுத்தது. அந்தக் காலத்து வழக்கப்படி அதில் வலது காலுக்குக் கியர், இடது காலுக்கு பிரேக்; கை பிரேக் பேருக்குத்தான். இப்போது வரும் வண்டிகளில் இது தலைகீழ். நான் பழகியது புது வண்டியில். பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து இரண்டு முறை வேலிக்குள் போயிருக்கிறேன்.

வண்டியை நான் வீட்டிலேயே பழுது பார்த்துக்கொள்வேன். மெக்கானிக்கிடம் போனால் என்ன கோளாறு என்று விளக்க வேண்டும். அதைவிடக் கழற்றி மாட்டுவது சுலபம். சீட் கிழிந்தபோது பழைய பஸ் சீட்டின் மெத்தையை வைத்துத் தைத்தேன். மட்கார்டு துருப்பிடித்து விழுந்தபோது தண்ணீர் டிரம்மை வெட்டி மாட்டினேன். கடைசியாகக் கியரையும் மாற்றினேன். எஞ்சினுக்கு அடியில் ஒரு இரும்புத் தண்டைக் குறுக்காகக் கொடுத்து, கியரை இடது பக்கமும் பிரேக்கை வலது பக்கமும் கொண்டுவந்துவிட்டேன். மேலே தூக்கினால் முதல் கியர். கீழே மிதிக்க மிதிக்க அடுத்தடுத்த கியர். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம் அதுதான். யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் அதிகம் பேசிக்கொள்வதில்லை. சொல்ல வேண்டியதை நடுவில் இருக்கும் பெண்ணிடம் சொல்லுவார்கள். பலருக்கு இது சங்கடம். எனக்கு வசதி. கியர் விஷயத்தையும் மனைவி மூலமாகவே சொல்லிவிடப் பார்த்தேன்.

“மாத்துனது நீங்க. நீங்களே சொல்லுங்க,” என்றாள். “எத்தன வருசத்துக்கு நானே தபால்காரியா இருக்கறது?”

இரண்டு வருடம் அப்படியே போனது. மாமனார் பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில் வருவார், வண்டியைச் சுற்றி வந்து டேங்கைத் தட்டிப் பார்ப்பார், போய்விடுவார்.

போன மாதம் வந்தபோது மனைவி தக்காளி பறிக்கத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

“மாப்ள, சாவி எங்கீங்க? வெத்தல தீந்துபோச்சு. கடைக்கி ஒரு நட போயிட்டு வந்தர்றேன்.”

“நான் போயி வாங்கியாறேங்க மாமா.”

“நீங்க எதுக்கு? ஓட்டி ரொம்ப நாளாச்சு.”

கடை இருப்பது சரிவின் அடியில். நடுவில் ஒரு வளைவு. கியர் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வாயில் வந்தது வேறு.

“பெட்ரோல் கம்மியா இருக்குதுங்க மாமா.”

“கடைக்கித்தானுங்க போறேன், கல்கத்தாவுக்கா போறேன்?”

ஏறி உட்கார்ந்தார். மரியாதைக்கு நானே உதைத்து ஸ்டார்ட் செய்தேன். அவர் கிளட்சைப் பிடித்து வலது காலால் தூக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் தூக்கினார். இருபது வருடப் பழக்கம் குனிந்து பார்க்காது.

“கியரு விழமாட்டேங்குதே மாப்ள.”

இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்கும் கிடைக்காது. நான் இடது பக்கம் போய், சேற்றைத் துடைப்பவன் போலக் குனிந்து, கையால் கியரைத் தூக்கிவிட்டேன்.

“விழுந்துருச்சுங்க மாமா.”

போய்விட்டார். முதல் கியரில் வண்டி கத்திக்கொண்டே போனது. இரண்டாவது கியர் போடுவதாக நினைத்து அவர் வலது காலை அழுத்த, பிரேக் பிடித்து வண்டி குலுங்கி நின்று மறுபடி நகர்ந்தது. சரிவு ஆரம்பித்ததும் பிரேக் பிடிப்பதாக நினைத்து இடது காலை மிதித்திருக்கிறார். சத்தம் தணிந்தது, வேகம் கூடியது. இரண்டாவது கியர். இன்னொரு மிதி. மூன்றாவது. அந்த மனிதர் நிற்பதற்கு எவ்வளவு பாடுபட்டாரோ அவ்வளவு வேகமாகப் போனார். நான் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். “மாமா, வலது கால்” என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. வண்டிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

வளைவில் வண்டி திரும்பவில்லை. நேராகக் கேழ்வரகுக் கொல்லைக்குள் இறங்கி, முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சிய சேற்றில் பாதிச் சக்கரம் புதைந்து நின்றது. அவர் விழவில்லை. நடுக்கொல்லையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தக்காளி பறித்துக்கொண்டிருந்த என் மனைவியும் பக்கத்து வீட்டு அம்மாவும் ஓடி வந்தார்கள்.

அவருக்கு அடி இல்லை என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டு அம்மா, “என்னங்ண்ணா, உழுவறதுக்கு டிராக்டரு கெடைக்கலீங்களா?” என்றார்.

மாமனார் அப்போதுதான் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு மகளிடம் கேட்டார்.

“உங்கூட்டுக்காரரு பிரேக்க எங்கம்மா வெச்சிருக்கறாரு?”

“வலது பக்கம்னு சொல்லு,” என்றேன், அவரிடமிருந்து இரண்டடி தள்ளி நின்று.

“வலது பக்கமாம்ப்பா.”

“எத்தன நாளா?”

“ரெண்டு வருசமாச்சுன்னு சொல்லு.”

“ரெண்டு வருசமாச்சாம். எனக்கும் தெரியும். சொல்லச் சொன்னேன், சொல்லல.”

மாமனார் சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு இறங்கினார். இந்த முறை என்னைப் பார்த்தே பேசினார்.

“மாத்துனது தப்பில்லீங்க மாப்ள. அந்தப் பக்கம் கியரு போட்டுப் போட்டுத்தான் என் முட்டி போச்சு. அப்பவே மாத்தோணும்னு இருந்தேன், செஞ்சு தர ஆளு கெடைக்கல.” வேட்டியில் ஒட்டிய சேற்றை உதறினார். “ஆனா குனிஞ்சு கியர போட்டு உட்டீங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல.”

பதில் சொல்ல வேண்டிய இடம் அது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தக்காளிக் கூடையை எடுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவர் முதல் பஸ்ஸில் பென்னாகரம் போனார். நான் சக்கரத்தைக் கழற்றிச் சேறு கழுவினேன்.