தென்னைக்கு ஆனது

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, சம்பந்தி வீட்டார் சித்திரையில் முதன்முறையாகச் சாப்பிட வருவதாகத் தை மாதமே சொன்னார்கள். "வாங்க, நம்ம தோட்டத்துக் காயிலேயே அவியல் வச்சிரலாம்" என்று போனில் அளந்துவிட்டேன். அப்போது தோட்டமே கிடையாது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் வெறும் மண்ணும், ஓய்வுபெற்ற குமாஸ்தாவின் தன்னம்பிக்கையும் இருந்தன.

கத்தரி, வெண்டை, புடலை மூன்றும் நட்டேன். கத்தரியை எங்கள் பக்கம் வழுதலை என்போம். தினமும் காலையில் காப்பி டம்ளரோடு போய் நின்று மேற்பார்வை பார்த்தேன். நன்றாகத்தான் வளர்ந்தன.

பூ விடும் நேரத்தில் எனக்கு மூளை வேலை செய்தது. எங்கள் ஊரில் தென்னை மூட்டில், அதாவது அடிமரத்தைச் சுற்றி, கல்லுப்புப் போடுவது வழக்கம். முற்றத்தில் நிற்கும் ஒற்றைத் தென்னைக்கு வருஷாவருஷம் நானே வட்டமாகத் தடம் வெட்டி உப்பும் சாம்பலும் போடுகிறேன். குலை குலையாகக் காய்க்கிறது. தென்னைக்கு ஆனது வழுதலைக்கு ஆகாதா? செடிக்கு ஒரு கை உப்புப் போட்டேன். சின்னச் செடி என்று அளவைக் குறைத்த பெருமை வேறு.

ஒரே வாரத்தில் இலை ஓரம் கருகியது. வெயில் என்றேன். பூ உதிர்ந்தது. காற்று என்றேன். மண்மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்து மனைவி கேட்டாள்:

"நீங்க என்னத்த இட்டிய?"

"உரம்" என்றேன்.

கருகிய இலையோடு வடசேரியில் ஓர் உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் இலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உள்ளதச் சொல்லுங்க அண்ணாச்சி. உப்பு போட்டியளா?"

தலையாட்டினேன்.

"தென்னை தாங்கும். வழுதலை தாங்குமா? உப்பு கெடந்தா வேரு தண்ணி எடுக்காதுல்லா. நல்லா தண்ணி விட்டுக் கழுவுங்க. அடுத்த தடவ மக்கின சாணி போடுங்க, போதும்."

கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கருகிய இலையைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

மொத்த விளைச்சல் பெருவிரல் கனத்தில் மூன்று வழுதலங்காயும் முற்றிப்போன ஒரு வெண்டைக்காயும். சம்பந்தி வருகிற அன்று விடியற்காலையில் வடசேரிச் சந்தைக்கு ஓடி, பை நிறையக் காய் வாங்கிப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் நறுக்கினாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவியலைச் சம்பந்தி ரசித்துச் சாப்பிட்டார். "தோட்டத்துக் காய்னா தனிதான் அத்தான்" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அதோடு விட்டாரா?

"எங்க வீட்டுல வழுதலை பூத்துப் பூத்து உதிருது. நீங்க என்ன உரம் போடுதிய?"

மனைவி அப்போதுதான் உப்புக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். மனுஷன் நான் சொல்வதை நம்பி எதையாவது செடிக்குப் போட்டு வைப்பார் என்று பயமாக இருந்தது. உப்புப் போட்ட கதை முழுவதையும், சந்தைக்கு ஓடியது உட்பட, சொல்லிவிட்டேன்.

அவர்களோடு வந்திருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பில் குலுங்கினாள். சம்பந்தி தன் வாழையிலையைப் பார்த்தார்.

"அதான பாத்தேன். வீட்டுல வெளஞ்ச காய்க்கு இவ்வளவு ருசி வராதே" என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

அந்த அவியலுக்கு அரைத்த தேங்காய் என் தென்னையில் காய்த்தது. சொல்ல வாயெடுத்தேன். இனி யார் நம்பப்போகிறார்கள் என்று ஒரு வாய் அவியலை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.