பதினாலு மணி நேரப் பால்

உறையூரில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு பயண ஏஜென்சியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அறுபதுகளின் நடுப்பகுதி. விமானத்தை நான் அண்ணாந்து பார்த்ததோடு சரி.

ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் மருமகளோடு வந்தார். அவள் கைக்குழந்தையுடன் நியூயார்க்கில் இருக்கும் கணவனிடம் போகிறாள். குழந்தை என் பேனாவைப் பிடித்து இழுத்தது.

"பம்பாயில ஏறினா இறங்க எத்தனை மணி நேரம் தம்பி? இவனுக்குப் புட்டிப்பால்தான். பால்பொடிய நாங்க காய்ச்சித் தர்ற காவேரி தீர்த்தத்துலதான் கரைக்கணும், பிளேன்ல எதையும் தொடப்படாதுன்னு ஆத்துக்காரி உத்தரவு."

கால அட்டவணையைப் பார்த்தேன். பம்பாய், விடியற்காலை நாலு. நியூயார்க், அன்றே மாலை ஆறு. கழித்தேன்.

"பதினாலு மணி நேரங்க."

மூன்று மணி நேரத்துக்கு ஒரு வேளை. ஐந்து வேளை போதும், எதற்கும் ஆறாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

விமானம் கிளம்பிய அன்று மதியம் இரண்டு மணிக்கு, வேறொருவருக்காக அதே பக்கத்தைப் புரட்டியபோதுதான் அடியிலிருந்த பொடி எழுத்து கண்ணில் பட்டது. நேரங்களெல்லாம் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி. திரும்பக் கணக்குப் போட்டேன். இருபத்துநாலரை மணி நேரம். நம் கடிகாரத்தில் அவர்கள் இறங்குவது மறுநாள் விடியற்காலை. பால் அன்று இரவோடு தீர்ந்துவிடும்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. "லண்டன்ல நிக்கும். தந்தி அடிக்கலாம். பிளேன்ல பால் இருக்கும், ஆனா அந்தப் பொண்ணு வாங்குமா? மாமியார்கிட்ட நீயே போய்க் கேட்டுட்டு வா."

டவுன் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. வேலை போய்விடுமே என்று நினைக்கவில்லை என்றால் பொய். அதைவிட, பேனாவை இழுத்த அந்தக் கை கண்முன் வந்துகொண்டே இருந்தது.

மருமகளை வழியனுப்பப் போன பெரியவர் இன்னும் பம்பாயிலிருந்து திரும்பவில்லை. வாசலில் நின்றபடியே மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இங்க விடியறச்சே அமெரிக்காலயும் விடியும்னு நெனச்சியாக்கும்?"

"ஆமாங்கம்மா."

"படிச்ச பிள்ளைன்னாரே."

உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அவா குடுக்கற பாலையே குடுக்கச் சொல்லி அடி. மாமியார் சொன்னான்னு போடு. இல்லேன்னா தொடமாட்டா."

அடித்தேன். மறுநாள் அவள் கணவனிடமிருந்து வந்த தந்தியில் 'வந்துவிட்டார்கள்' என்பதோடு சரி. குழந்தையைப் பற்றி எதுவும் இல்லை. அதன்பிறகு தபால்காரர் வரும்போதெல்லாம் எழுந்து போய்த் தபாலை நானே வாங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் பெரியவர் மருமகளின் கடிதத்தோடு வந்து படித்துக் காட்டினார். "லண்டனில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தந்தித் தாளை நீட்டினாள். அதில் மாமியார் என்று பார்த்ததும் அவருக்குத்தான் என்னவோ என்று அழுதுவிட்டேன். குழந்தை சொட்டு விடாமல் குடித்தான்."

கடிதத்தை மடித்தபடி கேட்டார். "அடுத்த வருஷம் வரேன்னு எழுதியிருக்கா. திரும்பி வர எத்தனை மணி தம்பி?"

பென்சிலைத் தொடவில்லை. "மேனேஜரைக் கேட்டுச் சொல்றேங்க," என்றேன்.