தாளோடு பிடுங்கிய வெங்காயம்

காய்கறி வியாபாரத்துக்குத் தராசைவிட வாய் முக்கியம். எனக்கு வாய் உண்டு, பொறுமை கிடையாது. சந்தையில் சாக்கு விரித்து உட்கார்ந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

சாயாத தாள்

பத்தாவது பெயிலானதும் பள்ளிக்கூடத்தை விட்டேன். ராசிங்காபுரத்திலிருந்து ஞாயிறுதோறும் மலைச் சந்தைக்கு ஜீப்பில் காய் ஏற்றிப் போகும் சித்தியோடு சேர்ந்துகொண்டேன். போன ஐப்பசியில் விடாத மழை. எங்கள் வெங்காயம் வேரில் அழுக ஆரம்பித்தது. எங்கள் ஊரில் தாள் பழுத்துச் சாய்ந்த பிறகுதான் வெங்காயம் எடுப்பார்கள். பச்சையாக நிற்கும்போதே பிடுங்கினால் வெள்ளாமை போச்சு என்று அர்த்தம். அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் பிடுங்கினார். மலையில் விற்றுவிட்டு வருகிறேன் என்றேன். அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

"விக்காமத் திரும்புச்சுன்னா தையல் கிளாசுதான் ஆத்தா. கத்திரிக்கோலு வாங்கியாச்சு."

ஆட்டுக்குப் போட்டது

எங்கள் வெள்ளாமை போனது சந்தைக்கெல்லாம் தெரிய வேண்டாம் என்று, முதல் கட்டை அவிழ்த்துத் தாளை அறுத்து, பக்கத்தில் கட்டியிருந்த ஆட்டுக்குப் போட்டேன். சாக்கில் சுண்டைக்காய் அளவு வெங்காயம் மட்டும் கிடந்தது. ஒருத்தரும் குனியவில்லை. கடைசியில் ஏலத் தோட்டத்து அக்கா ஒருத்தி வந்து, ஆட்டின் வாயைப் பார்த்து மலையாளம் கலந்து கத்தினாள்.

"அடிப்பாவி மோளே, உள்ளித்தண்டை ஆட்டுக்குப் போட்டுட்டு வேரையா விக்கிற? மிச்சத்தை வெரசா கொண்டா!"

வாத்தியார்

அதற்குப் பிறகு அறுக்கவே இல்லை. கூட்டம் நெருக்கும்போது, கையில் டிரான்சிஸ்டரோடு தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். உங்கள் ஊரில் இதற்கு என்ன பேர் என்றார். வெங்காயத்தாள் என்றேன். தாள் என்றால் பயிர் நிற்கிற தண்டு, நெல்லை அறுத்தபின் வயலில் மிஞ்சுவதும் தாள்தான் என்று ஆரம்பித்தார். "சார், ரெண்டு கட்டா, மூணா?" என்றேன்.

"பள்ளிக்கூடத்துலயும் நீ இப்படித்தாம்மா இருந்திருப்ப."

இறக்கத்தில்

காலி ஜீப்பில் இறங்கும்போது அவர் பேச்சுதான் மனசில் ஓடியது. கீரைத்தண்டு, வாழைத்தண்டு என்றால் நாமும் சட்டியில்தான் போடுகிறோம். தாள் என்றால் மாட்டுக்குப் போடுகிறோம். தின்பதா எறிவதா என்று நாக்கு சொல்லவில்லை, பேர் சொல்லியிருக்கிறது.

அப்பா காலிச் சாக்கை உதறிப் பார்த்தார். மலையில் அதைத் தண்டு என்று கேட்டு வாங்குகிறார்கள் என்றேன். சாக்கை மடித்து வைத்தார். இந்த வாரம் மறுபடி நாற்று ஊன்றியபோதுதான் வாயைத் திறந்தார்.

"தெக்குக் கடைசிப் பாத்தி ஒனக்கு. சாயுறதுக்கு முன்னாடியே புடுங்கிக்க."

தையல் கிளாசுக்கு வாங்கிய கத்திரிக்கோல், தாள் கட்டச் சணல் வெட்ட நன்றாகத்தான் இருக்கும்.