நான் சொல்லாமல் விட்ட ஊசி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. மன்னாரில் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் படிவங்களும் மன்றாட்டுச் சீட்டுகளும்தான். விசுவாசத்தைப் பற்றி எழுத எங்கள் செபக் கூட்டத்திலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்தாலே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். இருந்தும் எழுதுகிறேன். ஒரு விஷயத்தை வாயால் பிழையாகச் சொல்லிவிட்டேன். அதை முழுதாக எழுதி வைக்க வேண்டும்.

ஜெர்மனியில், எசன் நகரத்தில், ஒரு வயோதிபர் இல்லத்தின் சலவை அறையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். நிலத்துக்குக் கீழே இருக்கும் அறை, யன்னல் இல்லை. என் செபம் பெரும்பாலும் அங்கேதான். பத்துப் படுக்கை விரிப்பு மடித்து முடித்தால் செபமாலையில் பத்து மணி முடியும். இடையில் ஓரத்தில் ரப்பர் வைத்த விரிப்பு வந்தால் மடிக்க நேரம் எடுக்கும். அதற்குப் பரலோக மந்திரம். முடிவில் ஒவ்வொரு நாளும் நான் கேட்டது ஒன்றைத்தான்: ஞானம். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு குரல் மாதிரி வரும், அல்லது மனதுக்குள் ஒரு வெளிச்சம் மாதிரி வரும் என்று நினைத்திருந்தேன்.

போன வருடம், உயிர்த்த ஞாயிறுக்கு முன் வரும் தபசு காலத்தில், என் மார்பில் ஒரு கட்டி கண்டேன். சுண்டைக்காய் அளவு. இரண்டு கிழமை, பதினாலு இரவும், நான் நித்திரை கொள்ளவில்லை. மாதாவுக்கு ஒன்பது நாள் செபம் வைத்தேன். ஒன்பதாம் நாள் பெண்கள் மருத்துவரிடம் டெர்மின், பார்க்க வரச் சொல்லிக் குறித்த நேரம், இருந்தது. அவர் படம் எடுத்துப் பார்த்தார், பிறகு ஒரு ஊசியைக் குத்தி உள்ளே இருந்த தண்ணீரை இழுத்தார். கட்டி அந்த இடத்திலேயே வற்றிவிட்டது. வெறும் நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வந்த செபக் கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எங்கள் கூட்டத்தில் சாட்சி என்றால், கடவுள் நம் வாழ்க்கையில் செய்த ஒன்றை எழுந்து நின்று சொல்வது. அத்தனை வருடத்தில் நான் எழும்பியது அந்த ஒருமுறைதான். கட்டி வந்ததைச் சொன்னேன். ஒன்பது நாள் செபத்தைச் சொன்னேன். ஒன்பதாம் நாள் கட்டி போய்விட்டது என்றேன். மருத்துவரையும் ஊசியையும் சொல்லவில்லை.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. மற்றவர்கள் சாட்சி சொல்லும்போதும் ஆஸ்பத்திரியை இப்படித்தான் விட்டுவிடுவார்கள். டொக்டரைச் சேர்த்தால் சாட்சி மெலிந்துபோகும். எல்லோரும் "இயேசுவுக்குப் புகழ்" என்றார்கள். சிலர் அழுதார்கள். முதன்முறையாக எல்லோருடைய முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

ஐப்பசி, ஒக்டோபர், எங்களுக்குச் செபமாலை மாதம். அந்த மாதம் முழுவதும் மாதாவின் சிலை, நாங்கள் சொல்வது சுரூபம், எங்கள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போகும். ஒரு வீட்டில் மூன்று நாள். அது வரும் நாளில் எல்லோரும் அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்வோம். சுரூபத்தோடு ஒரு மரப்பெட்டியும் போகும். மன்றாட்டுகளைச் சீட்டில் எழுதி மடித்து அதற்குள் போடுவோம். ஒருவரும் அதைத் திறந்து வாசிக்கக் கூடாது. மாத முடிவில் பெட்டியோடு கோயில் முற்றத்துக்குக் கொண்டுபோய் எரிப்போம். புருசனிடமும் தாயிடமும் சொல்லாததை எல்லாம் எங்கள் பெண்கள் அந்தப் பெட்டியில்தான் போடுவார்கள்.

சுரூபத்தைக் காரில் ஏற்றி இறக்குவது எங்கள் கூட்டத்தை நடத்தும் அண்ணை. என் வீடு நாலாம் மாடி, லிப்ட் இல்லை. அதனால் கூட்டத்தில் எனக்குப் பெயரே நாலாம்மாடி அக்கா. அந்த வியாழக்கிழமை அவர் மாதாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"மாதா விண்ணேற்பு உங்கட படியிலதான் நடக்குது, தங்கச்சி."

"கொஞ்சம் இருந்து தண்ணி குடியுங்கோ, அண்ணை."

"தண்ணி வேண்டாம். வீட்டைக் கீழ மாத்துங்கோ."

பெட்டியைப் பின்னால் தூக்கி வந்தவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என்னைவிட ஏழெட்டு வயது இளையவள், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் வேலை. கூட்டத்தில் என் பக்கத்தில் வந்து இருப்பவள் அவள் ஒருத்திதான். அன்று பெட்டியை வலது கையால் மட்டும் இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தாள். இடது கை உடம்போடு ஒட்டியே இருந்தது. செபமாலை சொல்லும்போது அவளுடைய சின்ன மகள் மடியில் ஏற வந்தாள். அவள் பிள்ளையைத் தடுத்து வலது பக்கம் திருப்பி இருத்தினாள். நான் கண்டேன். கண்டும் ஒன்றும் நினைக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு பார்த்தால் மெழுகுதிரி ஒருபக்கமாக உருகிப் பெட்டியின் மூடி மேல் வழிந்திருந்தது. சீட்டுப் போடும் துளை வழியாக உள்ளேயும் இறங்கியிருந்தது. சீட்டுகள் பழுதாகிவிடும் என்று அடுத்த நாள் காலையில் மூடியைக் கழற்றி, ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பிஸ்கட் தகரப் பேணிக்குள் போட்டேன். கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டுதான் செய்தேன். இரண்டு சீட்டுகள் மெழுகில் ஒட்டிக் கிடந்தன. பிரிக்கும்போது ஒன்று விரிந்துவிட்டது. அதில் "நாலாம்மாடி அக்கா" என்று இருந்தது. தன் பெயரைக் கண்ட கண் திரும்பாது. நான் வாசித்தேன்.

"அம்மா, நாலாம்மாடி அக்காவுக்குக் கத்தி ஊசி இல்லாமல் சுகம் தந்தீர். எனக்கும் தாரும். ஆனி மாதத்தில் இருந்து இருக்கிறது. பெருக்கிறது. அவருக்குச் சொல்லவில்லை. டொக்டரிடம் போகமாட்டேன். போனால் உம்மை நம்பாதது போல் ஆகிவிடும். அக்கா நம்பினா. நானும் நம்புகிறேன்."

பெயர் எழுதியிருக்கவில்லை. தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் அந்தக் கிழமைக்கான பள்ளிக்கூடச் சாப்பாட்டு அட்டவணை ஜெர்மன் மொழியில் அச்சிட்டிருந்தது. திங்கள் நூடில்ஸ், செவ்வாய் மீன். எங்கள் கூட்டத்தில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்வது அவள் மட்டும்தான்.

ஆனியில் இருந்து ஐப்பசி வரை விரல் விட்டு எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன்.

அன்று வேலையில் செபமாலை ஓடவில்லை. விரிப்புகளை மடிக்கிறேன், எத்தனை என்று தெரியவில்லை. மெஷின் சுற்றும் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. அந்தச் சீட்டு எனக்கு எழுதியது இல்லை, வாசித்ததே பாவம், வாசித்ததைச் சொன்னால் இன்னும் பெரிய பாவம் என்று ஒரு மனம் சொன்னது. உன் சாட்சி பொய் என்று தெரிந்தால் இனி எந்த முகத்தோடு கூட்டத்துக்குப் போவாய் என்றும் அதே மனம்தான் சொன்னது. முதலாவது பாவத்தைப் பற்றிய பயம் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, இரண்டும் ஒரே பயம். ஒரு அடையாளம் தாரும் என்று மாதாவிடம் கேட்டேன். ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்தால் சுரூபம் அலுமாரிக்கு மேலிருந்து என்னைப் பார்த்தபடி இருந்தது. சுரூபம் போகும்வரை அந்த அறைக்குள் போக எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை அவளுக்குப் போன் எடுத்தேன்.

"என்னக்கா, அதிசயமாய்? நீங்கள் போன் எடுக்கிற ஆளே இல்லையே!"

"சும்மாதான். சுகமாய் இருக்கிறீரோ?"

"இருக்கிறன், அக்கா. கொஞ்சம் அலுப்பு. கை உளையுது, பெரிய சமையல் கிடாரம் தூக்கிறதுதானே."

"டொக்டரிட்டக் காட்டலாமே?"

அவள் சிரித்தாள்.

"நீங்களோ இதைச் சொல்லுறது? உங்கட சாட்சியைக் கேட்ட நாளில இருந்து நான் எவ்வளவு தைரியமாய் இருக்கிறன் தெரியுமோ?"

நாளைக்கு மாதா அவள் வீட்டுக்குத்தான் வருகிறா, பலகாரம் செய்ய வேணும் என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அவள் வீட்டில் கூடினோம். வெளியே பனிமூட்டம், பகலிலேயே லைட் போட்டிருந்தார்கள். அவளுடைய புருசன் வேலைக்குப் போயிருந்தார். அவள் முகம் அந்த வெளிச்சத்தில் மஞ்சளாக இருந்தது. செபமாலை முடிந்ததும் அண்ணை வழக்கம்போலக் கேட்டார்.

"ஆருக்கும் சாட்சி இருக்கோ?"

நான் எழும்பினேன். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"அட, மாதா இறங்கி வந்திட்டா, நாலாம் மாடியும் எழும்பிட்டுது!" என்றார் அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் உயிர்ப்புக்குப் பிறகு ஒரு சாட்சி சொன்னனான். அதில ஒரு துண்டை விட்டுட்டன்."

"பரவாயில்லை, இப்ப சொல்லுங்கோ."

"அண்டைக்கு நான் டொக்டரிட்டப் போனனான். அவர் ஊசி குத்தித் தண்ணியை எடுத்தவர். அதுக்குப் பிறகுதான் கட்டி போனது. அது வெறும் தண்ணிக்கட்டி."

சிரிப்பு நின்றுவிட்டது. பின்னால் இருந்த ஒருவர், "அப்ப மாதா ஒண்டும் செய்யேல்லையோ? நாங்கள் சும்மா அழுதமோ?" என்றார்.

"எனக்குத் தெரியாது. டொக்டரிட்டப் போகப் பயந்துகொண்டு இருந்தனான். போனன். அதுதான் அவ செய்தது எண்டு இப்ப நினைக்கிறன். ஆனா ஊசியைச் சொல்லாமல் விட்டது நான். அது பொய்."

நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் எழும்பிக் குசினிக்குள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பாட்டைத் தொடங்கினார். நான் குசினிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

அவள் பலகாரத் தட்டுக்கு முன்னால் திரும்பி நின்றாள்.

"வாசிச்சீங்களோ?"

"ஓம்."

"அது உங்களுக்கு எழுதினதில்லை, அக்கா. மாதாவுக்கு எழுதினது."

"ஓம். பிழைதான். என்னை ஏசும்."

அவள் ஏசவில்லை. வெளியே பாட்டு இரண்டாம் அடிக்குப் போய்விட்டது. பிறகு என் கையைப் பிடித்து, தன் சட்டைக்கு மேலாக இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குக் கீழே வைத்து அழுத்தினாள்.

என்னுடையது விரலுக்கு நழுவியது. தொட்டால் நோகும். இது அசையவில்லை. எலும்போடு வளர்ந்த ஒன்றுபோல் இறுகிக் கிடந்தது.

"உங்கடையும் இப்படித்தானே இருந்தது?" என்று கேட்டாள். குழந்தை கேட்பது போல் இருந்தது. "சொல்லுங்கோக்கா. இப்படித்தானே?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்று இரவு அவள் நித்திரை கொண்டிருப்பாள். ஞானம் தாரும் என்று பதினெட்டு வருடம் கேட்ட எனக்கு அப்போது வாயில் ஒரேயொரு சொல்தான் இருந்தது.

"இல்லை" என்றேன். "இப்படி இல்லை."

அடுத்த நாள் திங்கட்கிழமை. டெர்மின் இல்லாமலே காலை எட்டு மணிக்கு அவளை என்னுடைய டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தார். அவள் போனில் எல்லாவற்றையும் சொல்ல, பத்து மணிக்கு அவளுடைய புருசன் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் பிற்பகல் வேலைக்குப் போய், காலையில் விடுபட்ட விரிப்புகளை மடித்தேன்.